நூறு வயலின் சராசரி என் வயலுக்குப் பொருந்துமா?

கேள்வி: "அருப்புக்கோட்டை பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் கரிசல் பூமி. மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிறேன். மழை ஒத்துழைத்தால் ஏக்கருக்கு 16 குவிண்டால் கிடைக்கும். போன வாரம் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். சீமைக்கருவேல மரத்தில் தயாரித்த பயோசார் என்கிற கரி, கிலோ 20 ரூபாய், ஏக்கருக்கு ஒரு டன் போட வேண்டும் என்றார். 'உலகம் முழுக்க நடந்த 109 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஆராய்ச்சி இது. வெப்பமண்டல நாடுகளில் 25 சதவிகிதம் மகசூல் கூடுகிறது. நம் நாடும் வெப்பமண்டலம்தானே?' என்று ஒரு தாளைக் காட்டினார். கல்லூரியில் படிக்கும் என் மகள் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, 'ஆராய்ச்சி நிஜம்தான் அப்பா' என்கிறாள். மூன்று ஏக்கருக்கும் 60,000 ரூபாய் ஆகும். வீட்டில் இருக்கும் சங்கிலியை அடகு வைத்து வாங்கலாமா என்று யோசிக்கிறோம். மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை 8.3 என்று இருக்கிறது. புரட்டாசிப் பட்டத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். என்ன செய்யலாம் ஐயா?"

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். ஆசை இருந்தால் 40 கிலோ மட்டும் வாங்குங்கள். 800 ரூபாய்தான் ஆகும். அதை வைத்து உங்கள் வயலில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் மகள் சொன்னது சரி. அந்த ஆராய்ச்சி நிஜமானது. இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் ஜெஃப்ரி என்பவரும் பல நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 2017-ல் வெளியிட்டது. பிரதிநிதி சொன்ன 109, 25 என்ற இரண்டு எண்களும் அதில் இருக்கின்றன. ஆனால், அந்த 25 சதவிகிதம் எப்படிப்பட்ட மண்ணில், எவ்வளவு கரி போட்டதால், என்ன காரணத்தால் வந்தது என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அந்தப் பகுதிதான் தாளில் விடுபட்டுப் போயிருக்கிறது.

இப்போது உரம் விற்பவர், விதை விற்பவர், டானிக் விற்பவர் என எல்லோரும் 'இத்தனை ஆய்வுகளைச் சேர்த்த ஆராய்ச்சி' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இதே சந்தேகத்தோடு வேறு சில கடிதங்களும் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

தொகுப்பு ஆய்வு என்றால் என்ன?

ஒரே கேள்விக்கு ஏற்கெனவே பல இடங்களில் பலர் செய்து முடித்த சோதனைகளைத் தேடி எடுத்து, கணக்குப் போட்டு, மொத்தமாக என்ன தெரிகிறது என்று பார்ப்பதுதான் தொகுப்பு ஆய்வு. ஆங்கிலத்தில் மெட்டா அனாலிசிஸ் என்பார்கள். அந்தப் பெயரை 1976-ல் ஜீன் கிளாஸ் என்ற அமெரிக்கர் வைத்தார். ஆனால், பெயர் வருவதற்கு முன்பே விவசாயத்தில் இந்த வேலை நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இங்கிலாந்தில் உரத்துக்குத் தட்டுப்பாடு. இருக்கிற உரத்தை எந்தப் பயிருக்கு எவ்வளவு ஒதுக்குவது? ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தின் யேட்ஸ், குரோதர் என்ற இருவர், 1900-லிருந்து நடந்திருந்த பழைய உரச் சோதனைகளை எல்லாம் ஒன்று சேர்த்துப் பார்த்து 1941-ல் பதில் சொன்னார்கள்.

இது நல்ல முறைதான். ஒரே ஒரு வயலில் நடந்த சோதனையை நம்புவதைவிட, நூறு வயல்களில் நடந்ததைச் சேர்த்துப் பார்ப்பது நிச்சயம் மேல். ஒரு வயலில் அந்த வருடம் நல்ல மழை பெய்திருக்கலாம், இன்னொன்றில் படைப்புழு வந்திருக்கலாம். நூறைச் சேர்க்கும்போது இந்த ஏற்ற இறக்கம் எல்லாம் ஓரளவு சமன் ஆகிவிடும்.

ஆனால், சேர்ப்பது என்பது ஒரு வேலை. அந்த வேலையைச் சரியாகவும் செய்யலாம், அரைகுறையாகவும் செய்யலாம். 2012-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் மூன்று பேர், பயிர் சாகுபடி பற்றிய 73 தொகுப்பு ஆய்வுகளை எடுத்து, 8 தர அளவுகோல்களை வைத்து மதிப்பிட்டார்கள். இவற்றின் தரம் இன்னும் உயர வேண்டும் என்றுதான் அவர்களே எழுதினார்கள். ஆகவே, 'தொகுப்பு ஆய்வு' என்ற பெயரைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிடவும் வேண்டாம், 'எல்லாம் பொய்' என்று தள்ளவும் வேண்டாம். மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: அந்த வயல்கள் என் வயல் மாதிரியா?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அந்த ஆராய்ச்சியில் வந்த வெப்பமண்டல வயல்களின் கார அமில நிலை, நடுமதிப்பாக 5.7. அதாவது அமில நிலம். கரி பொதுவாகக் காரத்தன்மை உள்ளது. அமில நிலத்தில் போட்டால், சுண்ணாம்பு போட்டதுபோல் வேலை செய்து, அமிலத்தைக் குறைக்கும். அதனால் பயிர் தெளிந்து வளரும். மகசூல் கூடியதற்கு இதுவும், கரியில் இருந்த சத்துகளும்தான் காரணம் என்று ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள். கார அமில நிலை நடுத்தரமாகவும், நிலம் வளமாகவும், உரம் தாராளமாகவும் இருக்கிற குளிர் நாடுகளில் சராசரியாக மகசூல் எதுவும் கூடவில்லை என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிவுதான்.

உங்கள் மண் 8.3. ஏற்கெனவே காரம். காய்ச்சல் உள்ளவருக்குக் கொடுத்த மாத்திரை நன்றாக வேலை செய்தது என்பதற்காக, காய்ச்சலே இல்லாதவர் அதை வாங்கிச் சாப்பிடுவாரா? 'வெப்பமண்டலம்' என்ற ஒரு வார்த்தையை வைத்து உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பயிருக்கு வெப்பமண்டலம் என்ற பெயர் தெரியாது, வேர் நிற்கிற மண்தான் தெரியும். நீலகிரியில் அமில மண்ணில் விவசாயம் செய்கிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அவரிடமும்கூட, 'அமிலத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் சுண்ணாம்பு, டோலமைட் விலையையும் விசாரியுங்கள்' என்று சொல்லியிருப்பேன்.

கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்றும் சொல்வார்கள். மணல்சாரி நிலத்துக்கு அது உதவலாம். உங்கள் கரிசல் ஏற்கெனவே ஈரத்தைப் பிடித்து வைக்கிற மண்தான்.

இரண்டாவது கேள்வி: எதை, எவ்வளவு போட்டார்கள்?

அந்த வெப்பமண்டல வயல்களில் போட்ட கரியின் அளவு, நடுமதிப்பாக ஹெக்டேருக்கு 15 டன். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 6 டன். உங்களுக்குச் சொன்னது ஒரு டன். ஆறு டன் போட்ட வயலின் பலனைச் சொல்லி ஒரு டன் விற்கிறார்கள். ஆராய்ச்சியில் சொன்ன அளவைப் போட வேண்டும் என்றால், கிலோ 20 ரூபாய் விலையில் ஏக்கருக்கு 1,20,000 ரூபாய் ஆகும். அந்தப் பணத்துக்கு மக்காச்சோளம் போடுகிற யாரும் கரி வாங்க மாட்டார்கள் என்பது பிரதிநிதிக்கும் தெரியும்.

அடுத்தது, கரி எல்லாம் ஒன்றல்ல. சத்து அதிகமுள்ள பொருளில் தயாரித்த கரி, சத்து குறைந்த கரியைவிட நன்றாகவே அதிக மகசூல் கொடுத்திருக்கிறது. பொதுவாக, எரு வகைகளில் தயாரித்த கரியில் சத்து அதிகம், மரக்கரியில் குறைவு. உங்களுக்குத் தருவது சீமைக்கருவேல மரக்கரி.

மூன்றாவது கேள்வி: எதோடு ஒப்பிட்டார்கள்?

'25 சதவிகிதம் கூடியது' என்றால், எதைவிடக் கூடியது என்று கேட்க வேண்டும். உரமே போடாத, சத்தில்லாத நிலத்தோடு ஒப்பிட்டால் எதைப் போட்டாலும் கூடத்தான் செய்யும். பட்டினியாக இருப்பவருக்கு ஒரு வாய் கஞ்சி கொடுத்தாலும் தெம்பு தெரியும், வயிறு நிறைந்தவருக்குத் தெரியாது. அந்த வெப்பமண்டல வயல்களில் பெரும்பாலும் வளமும் குறைவு, உரமும் குறைவு. நீங்கள் அடியுரமாக டி.ஏ.பி., மேலுரமாக யூரியா போடுகிற ஆள் என்றால் உங்கள் ஒப்பீடு வேறு.

நான்காவது கேள்வி: வராத வயல்கள் எங்கே?

இதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு இடுபொருளுக்குப் பத்துப் பன்னிரண்டு செயல்விளக்கத் திடல்கள் போட்டோம. சிலவற்றில் பயிர் நன்றாக வந்தது. சிலவற்றில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு மூன்று காய்ந்தே போயின. நன்றாக வந்த திடல்களில் மட்டும் தகரப் பலகை நட்டு, வயல் விழா நடத்தி, போட்டோ எடுத்து அறிக்கை எழுதினோம். அறிக்கையை எழுதியவன் நான்தான். எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால், அதைப் படித்த யாருக்கும் வித்தியாசம் தெரியாத வயல்கள் இருந்ததே தெரிந்திருக்காது. அதை நம்பி அடுத்த பருவத்தில் காசு போட்டவர்களும் இருந்தார்கள். அதில் ஒருவர் பிறகு என்னிடம், 'சார், எனக்கு ஒண்ணும் தெரியலையே, நான் தப்பாப் போட்டுட்டேனா?' என்று கேட்டார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. நான் விட்டுவிட்ட வயல்களைப் போல அவருடையதும் ஒன்று, அவ்வளவுதான். அதை அன்றைக்கு அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆராய்ச்சி உலகத்திலும் இது நடக்கிறது. பலன் தெரிந்த சோதனை இதழில் அச்சாகும். பலன் தெரியாதது அலமாரியில் தூங்கும். அச்சானதை மட்டும் சேர்த்தால், சராசரி உண்மையைவிடக் கூடுதலாகத்தான் வரும். போர் போட நீரோட்டம் பார்க்கிறவர் சொல்வதும் தண்ணீர் வந்த போர்களின் கதையைத்தானே?

நல்ல தொகுப்பு ஆய்வு செய்கிறவர்கள் இதைத் தேடிப் பார்ப்பார்கள். அதற்கு ஒரு எளிய தடயம் உண்டு. சிறிய சோதனைகள் எல்லாம் பெரிய பலனையும், பெரிய சோதனைகள் எல்லாம் சிறிய பலனையும் காட்டினால், பலன் தெரியாத சிறிய சோதனைகள் எங்கேயோ மறைந்துவிட்டன என்று சந்தேகப்பட வேண்டும். இப்படிச் சோதித்துப் பார்த்தார்களா என்பதை ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால், சொல்லப்பட்ட பலனை மனதுக்குள் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது கேள்வி: ஒரே வயலை எத்தனை முறை எண்ணினார்கள்?

அதே 2017 ஆராய்ச்சியில் 109 ஆய்வுகளிலிருந்து 1,125 ஒப்பீடுகள் எடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு ஆய்வுக்குச் சராசரியாகப் பத்து ஒப்பீடுகள். ஒரே இடத்தில் மூன்று வித அளவு, இரண்டு பயிர், இரண்டு பருவம் என்று பார்த்தால் 12 வரிகள் வந்துவிடும். அது தவறு இல்லை. ஆனால், அந்த 12 வரிகளும் ஒரே மண்ணின் சாட்சி. ஒரே வீட்டிலிருந்து 12 பேர் வந்து ஒரே சாட்சியைச் சொன்னால், பஞ்சாயத்தில் அதை 12 வீட்டுச் சாட்சியாக எடுத்துக்கொள்வோமா? யாராவது 'ஆயிரம் சோதனைகள்' என்று சொன்னால், 'எத்தனை ஊரில்?' என்று கேளுங்கள்.

ஆறாவது கேள்வி: சராசரிக்குப் பின்னால் எவ்வளவு விரிவு?

இதே கரி பற்றி 2011-ல் வந்த இன்னொரு தொகுப்பு ஆய்வில் மொத்தச் சராசரி 10 சதவிகிதம் கூடுதல். ஆனால், பல விதமாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு பக்கம் 39 சதவிகிதம் கூடுதல், இன்னொரு பக்கம் 28 சதவிகிதம் குறைவு வரை போயிருக்கிறது. 'சராசரி 10' என்று கேட்டால் யாருக்கும் நஷ்டம் வராது என்று தோன்றும். நஷ்டப்பட்ட வயல்களும் அந்தச் சராசரிக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. ஆற்றின் சராசரி ஆழம் மூன்று அடி என்று கேட்டு யாரும் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவதில்லை.

உங்கள் மகளுக்கு ஒரு குறிப்பு. இந்த மாதிரிக் கட்டுரைகளில் ஒரு படம் இருக்கும். நடுவில் நிமிர்ந்த ஒரு கோடு, அதுதான் பூஜ்ஜியம், அதாவது 'வித்தியாசம் இல்லை' என்ற கோடு. அதற்கு இரண்டு பக்கமும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் இடமும் வலமும் நீளும் ஒரு படுக்கைக் கோடு. புள்ளி வலது பக்கம் இருந்தால் பெரும்பாலும் பலன் கூடியது என்று பொருள். படுக்கைக் கோடு நீளமாக இருந்தால், அந்த எண்ணில் உறுதி குறைவு. படுக்கைக் கோடு நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், பலன் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. மொத்தச் சராசரியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கார அமில நிலை, மண் வகை என்று பிரித்துக் காட்டிய வரிகளில் நம் மண் எந்த வரியில் வருகிறது என்று தேட வேண்டும். இந்த 2017 கட்டுரை எல்லோரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழில்தான் வந்திருக்கிறது. சுருக்கத்தைப் படித்த பிள்ளை, உள்ளேயும் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். 

வரவு செலவு என்ன சொல்கிறது?

ஒரு பேச்சுக்கு, உங்கள் வயலிலும் 25 சதவிகிதம் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 16 குவிண்டாலில் 25 சதவிகிதம் 4 குவிண்டால். குவிண்டால் 2,000 ரூபாய் என்று வைத்தால் ஏக்கருக்கு 8,000 ரூபாய். செலவு 20,000. முதல் திரும்பவே மூன்று வெள்ளாமை ஆகும், அதுவும் மூன்று வருடமும் மழை சரியாகப் பெய்தால். அதுவரை அடகுக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கரி மண்ணில் பல வருடம் இருக்கும் என்பது உண்மைதான். கரி இருக்கும் என்பதால் பலனும் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் மாதிரி மண்ணில் துத்தநாகம், இரும்பு, மணிச்சத்து ஆகியவை பயிருக்குக் கிடைப்பதுதான் சிரமமாக இருக்கும். அட்டையில் நுண்ணூட்டப் பகுதியையும் பாருங்கள். துத்தநாகம் குறைவு என்று இருந்தால் முதல் செலவு அதற்குத்தான். மீதியைத் தொழு உரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

800 ரூபாயில் உங்கள் சொந்த ஆராய்ச்சி

இனி அந்த 40 கிலோவுக்கு வருவோம். வயலில் நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று மேட்டில், ஒன்று பள்ளத்தில், மற்ற இரண்டு நடுவில் இருக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாத்திகள். ஒரு பாத்தி ஒரு சென்ட், அதாவது சுமார் 33 அடி நீளம், 13 அடி அகலம். நடுவில் ஒரு வரப்பு போட்டுவிடுங்கள், உழும்போது கரி இழுபடாமல் இருக்கும். மொத்தம் எட்டு சென்ட் ஆகும்.

எந்தப் பாத்திக்குக் கரி என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். நம் கை தானாகவே நல்ல பாத்தியைத் தேடிப் போகும். காசைச் சுண்டிவிட்டு, தலை விழுந்தால் இடது, பூ விழுந்தால் வலது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரி போட வேண்டிய பாத்தி ஒவ்வொன்றிலும் 10 கிலோ. இது ஏக்கருக்கு ஒரு டன் என்ற அவர்கள் கணக்குதான். மற்றபடி விதை, உரம், களை எடுப்பது எல்லாம் இரண்டு பாத்திக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கரி போட்ட பாத்தி என்று கூடுதலாகக் கவனித்தால் சோதனை கெட்டது.

வரிசைக்கு வரிசை 2 அடி என்றால் ஒரு பாத்தியில் ஆறு வரிசை வரும். அறுவடையில் ஓரத்து வரிசை இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள நான்கு வரிசைக் கதிர்களை மட்டும் தனியாக அடித்து, காயவைத்து, ஒரே தராசில் எடை போடுங்கள். ஏக்கருக்கு 16 குவிண்டால் என்றால், அந்த நான்கு வரிசையில் சுமார் 10½ கிலோ வரும். 25 சதவிகிதம் கூடினால் கரி போட்ட பாத்தியில் 13 கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும்.

நான்கு ஜோடியிலும் கரிப் பாத்தியே ஜெயித்தால் விஷயம் இருக்கலாம். கரியில் எந்தப் பலனும் இல்லாதபோதுகூட, வெறும் அதிர்ஷ்டத்தால் நான்கிலும் அதுவே ஜெயிப்பதற்கு 16-ல் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்த வருடமும் அதே பாத்திகளில், புதிதாகக் கரி போடாமல், மறுபடி எடை போடுங்கள். இரண்டு வருடமும் ஒரே பக்கம் சாய்ந்தால் தைரியமாக மேலே யோசிக்கலாம். இரண்டில் அது, இரண்டில் இது என்று வந்தால் 59,200 ரூபாய் மிச்சம்.

பிரதிநிதி மறுபடி வந்தால் சண்டை போட வேண்டாம். 'கார அமில நிலை 8-க்கு மேல் உள்ள கரிசலில், ஏக்கருக்கு ஒரு டன் போட்டு, மானாவாரி மக்காச்சோளத்தில் என்ன மகசூல் வந்தது? அந்த வயல் எங்கே?' என்று மட்டும் கேளுங்கள். பதில் இருந்தால் போய்ப் பார்ப்போம்.

கேள்வி: "உழாமல் விதைத்தால் மகசூல் குறையும் என்று உலக அளவிலான ஆராய்ச்சி சொல்வதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். நான் இரண்டு வருடமாகக் குறைந்த உழவில்தான் பயறு போடுகிறேன். நிறுத்திவிடலாமா?" – திருவண்ணாமலை மாவட்ட வாசகி ஒருவர்.

பதில்: அவர் சொல்வது 2015-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து வந்த தொகுப்பு ஆய்வாக இருக்கலாம். 63 நாடுகள், 48 பயிர்கள், 610 ஆய்வுகளைச் சேர்த்தது. உழவை மட்டும் நிறுத்திய இடங்களில் மகசூல் சராசரியாக 9.9 சதவிகிதம் குறைந்தது. ஆனால், பயிர்க் கழிவுகளை நிலத்திலேயே மூடாக்காக விட்டு, பயிர்ச் சுழற்சியும் செய்த இடங்களில் குறைவு 2.5 சதவிகிதம்தான். அதிலும், வறண்ட பகுதி மானாவாரியில் இந்த மூன்றையும் சேர்த்துச் செய்தபோது 7.3 சதவிகிதம் கூடியிருக்கிறது. ஒரே ஆராய்ச்சிக்குள் 'குறையும்' என்பதும் இருக்கிறது, 'கூடும்' என்பதும் இருக்கிறது. தட்டைப் பொட்டு, தழை எல்லாவற்றையும் மாட்டுக்கு அள்ளிவிட்டு உழவை மட்டும் நிறுத்தியிருந்தால் முதல் வரி உங்களுக்கு. மூடாக்கும் சுழற்சியும் இருந்தால் கடைசி வரி. நிறுத்துவதற்கு முன், நீங்கள் எந்த வரி என்று பாருங்கள்.

கேள்வி: "இயற்கை விவசாயத்தில் மகசூல் கூடும் என்று ஒரு தொகுப்பு ஆய்வும், குறையும் என்று இன்னொரு தொகுப்பு ஆய்வும் சொல்வதாகக் கூட்டத்தில் பேசினார்கள். எதை நம்புவது?" – மன்னார்குடி வாசகர் ஒருவர்.

பதில்: இரண்டும் வந்திருக்கின்றன. 2007-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 293 ஒப்பீடுகளைச் சேர்த்து, வளரும் நாடுகளில் இயற்கை முறையில் 80 சதவிகிதம்கூட அதிகம் வருகிறது என்றார்கள். அதில் முழுமையான இயற்கை முறை அல்லாத வயல்களையும் சேர்த்துவிட்டார்கள், ஒப்பிட்ட வயல்களும் சரியான ஜோடி இல்லை என்று பலர் குறை சொன்னார்கள். மேலே சொன்ன மூன்றாவது கேள்விதான் இது. 2012-ல் வந்த ஆய்வு, கடுமையாகச் சலித்து எடுத்த 66 ஆய்வுகளில் சராசரியாக 25 சதவிகிதம் குறைவு என்றது. ஆனால், அதிலேயே மானாவாரிப் பயறு வகைகள், பலவருடப் பயிர்கள் போன்றவற்றில் 5 சதவிகிதம்தான் குறைவு. சில நிலைமைகளில் 34 வரை போனது. 2015-ல் வந்த மற்றொன்று 115 ஆய்வுகளைச் சேர்த்து 19 சதவிகிதம் குறைவு என்றது. இயற்கை வயலில் மட்டும் பல பயிர் சாகுபடியோ பயிர்ச் சுழற்சியோ செய்திருந்தால் அந்தக் குறைவு 8, 9 சதவிகிதமாகச் சுருங்கியது.

ஆக, கடுமையாகச் சலித்த ஆய்வுகள் ஒரே திசையில்தான் கை காட்டுகின்றன. மகசூல் ஓரளவு குறையும். எவ்வளவு என்பது பயிரையும் நம் திறமையையும் பொறுத்தது. அந்த ஒப்பீடுகளில் பெரும்பாலானவை வளர்ந்த நாடுகளின் வயல்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மகசூல் வேறு, லாபம் வேறு. உங்கள் செலவு எவ்வளவு குறைகிறது, உங்கள் நெல்லுக்கு என்ன விலை கிடைக்கிறது என்ற கணக்கை அந்த ஆய்வுகள் போட்டுத் தராது. அது உங்கள் நோட்டில்தான் இருக்க வேண்டும்.

கத்தரித்து வைத்துக்கொள்ள:

1. அந்த வயல்களின் மண்ணும் மழையும் என்னுடையது மாதிரியா?
2. எதை, எவ்வளவு போட்டார்கள்? எனக்கு விற்பதும் அதேதானா?
3. எதோடு ஒப்பிட்டார்கள்?
4. பலன் தெரியாத சோதனைகளைத் தேடினார்களா?
5. எத்தனை ஊர்? ஒரே வயலைப் பலமுறை எண்ணவில்லையே?
6. சராசரி மட்டுமா, கூடியதும் குறைந்ததும் எவ்வளவு?

எட்டு சென்ட்டில் சோதனை போட்டுப் பார்க்கிற வாசகர்கள், கரியோ வேறு எந்தப் பொருளோ, எடைக் கணக்கை அறுவடை முடிந்ததும் இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். 'நன்றாக வந்தது' என்றால் மட்டும் எழுத வேண்டும் என்று நினைக்க வேண்டாம். 'ஒரு வித்தியாசமும் தெரியவில்லை' என்று வந்தால் அதை அவசியம் எழுதுங்கள். பலகை நடாமல் விட்ட வயல்களின் கணக்கையும் இந்த முறை நாம் சேர்த்தே அச்சிடுவோம்.